மணலும் முடியும்: யாழ்ப்பாண வீட்டுக்கு ஒரு வாக்யூம் கிளீனர்

யாழ்ப்பாணத்தில் நாய் இல்லாத வளவைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாய் வீட்டுக்குள் வந்து படுப்பது அரிது. நாய்க்கு முற்றம், மழை பெய்தால் விறாந்தை. பூனைக்குக் குசினி வாசல். நான் வளர்ந்த திருச்சி வீட்டில் நாய் என் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கும். கல்யாணமாகிக் கொக்குவிலுக்கு வந்த பிறகு எவ்வளவோ பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சாம்பாருக்குப் பதில் சொதி, காலை இட்லிக்குப் பதில் இடியப்பம், விசா புதுப்பிக்கக் கொழும்புப் பயணம், எல்லாம் சரி. நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

முதல் மாரியிலேயே நனைந்து நடுங்கியபடி ஒரு செவலைக் குட்டி படலைக்குள் நுழைந்துவிட்டது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு அன்ரியின் பூனை போட்ட குட்டிகளில் ஒன்று. மாமி தடுக்கவில்லை. "உள்ள படுக்கட்டும் பிள்ளை. ஆனா என்ர சாமியறையில முடி கிடக்கக்கூடாது. எனக்குத் தொய்வு வரவும் கூடாது" என்றார். இரண்டும் நியாயமான நிபந்தனைகள். மாமிக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, பழைய வியாதி. மாரியில் ஈரக்காற்று அடித்தால் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கூட்டுகிற தும்புத்தடியை நான் குறை சொல்லமாட்டேன். மணலுக்கு அதை விஞ்சிய கருவி கிடையாது. விலங்கு முடிதான் அதற்கு அடங்குவதில்லை. எங்கள் வீட்டுக் கூடம் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் தரையோடு சாய்ந்து விழும்போது பார்த்தால் தெரியும். தும்புத்தடி வருகிற காற்றுக்கே முடி எழும்பி இரண்டடி தள்ளிப் போய் உட்காரும். மின்விசிறியைப் போட்டால் சுவரோரம் உருண்டு, அலுமாரிக்கு அடியில் திரண்டு கிடக்கும். கொக்குவில், கோண்டாவில் பக்கமெல்லாம் செம்மண். அந்த நைஸான சிவப்புத் தூள் முடியோடு சேர்ந்துகொண்டால் கூட்டக் கூட்டப் பறக்குமே தவிர அள்ளுப்படாது. பறப்பதைத்தான் மாமி மூச்சில் இழுக்கிறார்.

வாக்யூம் கிளீனர் வாங்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னதும் உலகம் முழுக்க இருக்கிற சொந்தங்கள் உதவிக்கு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணக் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. டொராண்டோவில் இருக்கிற சித்தப்பா தன்னிடம் உள்ள நல்ல மெஷினைக் கப்பலில் போடுகிறேன் என்றார். அன்புதான், ஆனால் அது இங்கே உதவாது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கத்திய மெஷினை நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். 12 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 1440 வாட். அதற்கு ஈடுகொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மெஷினைவிட அதைத் தூக்கி வைப்பதுதான் பெரிய பாடு. லண்டன் மச்சாள் அனுப்புவது வேறு கதை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கும் நம் புதிய வீடுகளில் இருக்கிற அதே சதுரக் காலுள்ள 13 ஆம்பியர் பிளக். பழைய உருண்டைப் பொத்தல் உள்ள வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு 13 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். அடாப்டர் மேல் அடாப்டர் செருகி ஓட்டாதீர்கள்.

வயரில்லாத மெஷின்தானே இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள் என்று மச்சாள் கேட்டார். அதில் எனக்கு முழு எதிர்ப்பு. அதன் உயிர் லித்தியம் பேட்டரியில் இருக்கிறது. சூடு அந்த பேட்டரிக்குப் பகை, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அடைத்துக் கிடக்கும் அறையின் சூடு சொல்லி விளங்கவைக்கக் கூடியதல்ல. சில வருடங்களில் பேட்டரி சோர்ந்தால், அதே மாடலுக்குப் புதிது கேட்டு எந்தக் கடை வாசலில் நிற்பது? லித்தியம் பேட்டரியை விமானத்திலும் கப்பலிலும் அனுப்புவதற்கு ஆயிரம் கட்டுப்பாடு. வயர் உள்ள மெஷினுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. வயரின் நீளத்தை மட்டும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் ஒரு கூடத்துக்கு ஒரே பாயிண்ட்தான் இருக்கும். எட்டு, பத்து மீட்டர் வயர் இருந்தால் கூடத்தில் செருகிவிட்டு இரண்டு அறையும் சாமியறை வாசலும் முடிக்கலாம்.

அடுத்த கேள்வி நின்றபடி தள்ளுகிற அப்ரைட்டா, தரையில் இழுத்துக்கொண்டு போகிற உருளையா என்பது. நான் யாழ்ப்பாணக் கடைகளில் பார்த்தவை பெரும்பாலும் உருளை வகையும் டிரம் வகையும்தான். "மச்சாள், கார்பெட் இல்லாத வீட்டுக்கு அப்ரைட் என்னத்துக்கு?" என்று லண்டன் மச்சாள் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அப்ரைட்டின் பலமே அடியில் சுழல்கிற பிரஷ், அது கார்பெட் இழைக்குள் கிடப்பதைக் கிளறி எடுப்பதற்காக உண்டானது. வெறும் தரையும் மணலும் மட்டும் உள்ள வீட்டுக்கு நானும் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். எங்கள் வீட்டில் நாய் படுக்கிற தடித்த விரிப்பு இருக்கிறது, பூனை குடியிருக்கிற துணி சோஃபா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் மாமியின் இடுப்பு. நிமிர்ந்து நின்றபடி தள்ளிக்கொண்டு போக அவரால் முடியும், குனிந்து குழாயை இழுக்க முடியாது. ஆறேழு கிலோ எடை என்றாலும் மாடிப்படி இல்லாத வீடு, சக்கரத்தில் உருண்டுவிடும்.

அப்ரைட் பிறந்த கதையை மாமிக்குச் சொன்னபோது ஆர்வமாகக் கேட்டார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். அவருக்கும் தொய்வு. கூட்டும்போது எழும் தூசியைத் தாங்க முடியாமல், மின்விசிறி மோட்டார், தடி, தலையணை உறை ஆகியவற்றோடு சுழலும் பிரஷையும் சேர்த்து ஒரு மெஷினைக் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு ஹூவர் குடும்பம் அதை வாங்கி ஊரெங்கும் விற்றது. "அப்ப எங்கட ஆள்தான்" என்றார் மாமி.

வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, பிரஷைத் தனியாக நிறுத்துகிற சுவிட்ச். சீமெந்துத் தரையில் பிரஷ் சுழன்றால் மணலை வாரி எறியும், மினுக்கிய தரையில் கீறல் விழும். பனையோலைப் பாயில் பட்டால் ஓலை கிழிந்துவிடும். பிரஷை நிறுத்தி உறிஞ்ச மட்டும் விட்டால் இரண்டுக்கும் பழுதில்லை. விரிப்புக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். பிரஷ் உருளையைக் கையால் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். நாய் முடியைவிட எங்கள் நீளத் தலைமுடிதான் அதில் அதிகம் சுற்றுகிறது. கத்தரிக்கோலை நீளவாக்கில் விட்டு வெட்டினால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட் என்பது மெஷின் தின்கிற மின்சாரம், இழுக்கிற பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்டுக்கும் 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கும் மேல் விற்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. அப்போது பிரிட்டனும் அதற்குள் இருந்தது. 900 வாட்டுக்குள்ளேயே நன்றாக உறிஞ்சுகிற மெஷின்கள் வந்துவிட்டன. மின்கட்டணம் பார்த்துச் செலவழிக்கிற வீட்டுக்கு இது நல்ல செய்தி.

தொய்வுக்காரர் உள்ள வீட்டில் ஃபில்டர்தான் முக்கியம். பூனையால் வருகிற ஒவ்வாமைக்கு முடியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் மிதக்கிறது. சாதாரண மெஷின் அதை முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும். ஹெப்பா ஃபில்டர் வேண்டும். எச்13 தரம் என்றால் மிக நுண்ணிய துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். ஃபில்டர் இருந்தும் உடலில் இடுக்கு இருந்தால் காற்று அந்த வழியாகத் தப்பிவிடும், அதனால் முழு மெஷினும் காற்றுக் கசியாதபடி மூடியிருக்க வேண்டும். பை உள்ளதையே நான் தேர்ந்தேன். பையில்லாத டப்பாவைக் குப்பையில் தட்டும்போது எழுகிற புழுதி, செய்த வேலையை வீணாக்கிவிடும். பைகளை மச்சாள் மெஷினோடு சேர்த்தே பெட்டியில் அடுக்கினார். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் இரண்டு வைத்திருங்கள். சித்திரையில் ஒரு பகலில் காயும், கார்த்திகை மழையில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் எடுக்கும்.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கை சில உண்டு. அடுப்புச் சாம்பலை உறிஞ்சாதீர்கள், உள்ளே ஒரு கங்கு இருந்தால் பை பற்றிக்கொள்ளும். சாமியறையில் கொட்டிய விபூதியும் அப்படித்தான் தள்ளிவைக்க வேண்டியது. நெருப்பு இல்லை என்றாலும் அந்த நைஸ் தூள் ஃபில்டரை அடைத்துவிடும், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மாரியில் நாய் கொண்டுவரும் சேறு காய்ந்த பிறகுதான் மெஷின்.

தெள்ளுப்பூச்சி வந்த வீட்டுக்கு இது பெரிய துணை. தெள்ளின் முட்டை நாயின் மேல் தங்காமல் விரிப்பிலும் இடுக்கிலும் உதிர்கிறது. கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு அதிர்வும் சூடும் பட்டால் வெளியே வரும், மெஷினின் அதிர்வே அதைக் கிளப்பிவிடும். அதனால் ஒருநாள் செய்து நிறுத்தாமல் தொடர்ந்து சில வாரம் செய்ய வேண்டும். பையை அன்றைக்கே கட்டி வெளியே போட வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் மருந்து தனியாகக் கொடுத்தாக வேண்டும், அதுவும் மிருக வைத்தியரிடம் கேட்டு. நாய்க்கான தெள்ளு மருந்து சில பூனையைக் கொன்றுவிடும்.

மெஷினைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பாரா என்ற பயம் எனக்கு இருந்தது. கிரைண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சுருள் சுற்றுகிறவர் திறந்து பார்த்துவிட்டு, "மோட்டர் எங்களுக்குத் தெரிஞ்ச சாமான்தான், காபன் பிரஷ் தேய்ஞ்சா நான் போட்டுத் தருவன். பிரஷைச் சுத்துற பெல்ட்டை மட்டும் வெளியில இருந்து எடுப்பியுங்கோ" என்றார். மச்சாளின் அடுத்த பெட்டி ஆடி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னால் வரும். பெல்ட் இரண்டு, பை ஒரு கட்டு, மாமி கேட்டபடி சோஃபாவுக்கான சின்ன பிரஷ் ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன்.