ஸ்லோ குக்கரில் மிளகுக் கோழி
ஸ்லோ குக்கர் என்பது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம். எலும்போடு, தோலில்லாத தொடைக்கறி 750 கிராம் வாங்குங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, நெடுநேரம் கிடந்தால் நார் நாராகிவிடும். உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது; சூடேறத் தாமதமாகி, அதற்குள் கிருமி பெருகும்.

இரண்டு வெங்காயம், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் இவற்றை இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் முதலில் வாணலியில் வதக்கிவிடுங்கள். ஸ்லோ குக்கரில் ஈரச் சூடுதான், எதுவும் சிவக்காது. வதக்காமல் போட்டால் பூண்டின் பச்சை வாடை கடைசிவரை போகாது.

குக்கரில் உருளைக்கிழங்கும் கேரட்டும் அடியில், கறியும் வதக்கியதும் மேலே. காய்தான் வேக நேரமெடுக்கும்! தண்ணீர் கால் கப் போதும். ஆவி வெளியேறாததால் கறி விடும் நீரே குழம்பாகும். உப்பு ஒரு தேக்கரண்டி. 'லோ'வில் ஐந்து முதல் ஆறு மணி நேரம், 'ஹை'யில் சுமார் மூன்று. மூடியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் கூடும். கறியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டியைக் கடைசி அரைமணியில் சேருங்கள், முன்பே போட்டால் மணம் மங்கிவிடும். நீர்த்திருந்தால் இரண்டு உருளைத் துண்டை மசித்துக் கலக்குங்கள்.