நாய் எங்கே தூங்குகிறது?

ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் பத்தொன்பது வருடம் இருந்த வீட்டை 2022 கோடையில் விற்றுவிட்டு, 32 அடி டிரெய்லரில் குடியேறினோம். என் கணவர், நான், எங்கள் நாய்கள் முத்து, கருப்பி. முத்து பீகிள் கலப்பு. கருப்பி என்ன கலப்பு என்பது அவளுக்கே தெரியாது. வீட்டுச் சாமான்களில் முக்கால்வாசியைக் கொடுத்துத் தீர்த்தோம். கிரைண்டரை மட்டும் விட மனசு வரவில்லை. அது இன்றும் சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

வருடம் முழுக்க ஆர்.வி.யிலேயே, அதாவது சக்கரம் வைத்த வீட்டிலேயே, வாழப்போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கழிப்பறையைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்களைப் படுத்தியது கழிப்பறை இல்லை, முகவரி. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, வரி, ஓட்டு, ஜூரி அழைப்பு என்று அமெரிக்காவில் எதை எடுத்தாலும் ஒரு முகவரியில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டிருப்பார்கள். வீடு கைமாறிய அன்று மாலை, வங்கிக்காரர் போனில் "உங்கள் முகவரி?" என்று கேட்டபோது என் கணவர் நாங்கள் வண்டியை நிறுத்தித் தங்கியிருந்த கேம்ப்கிரவுண்டின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் மாநிலங்கள் மூன்று: டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா. மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கமே இருக்கிறது, ஆயிரக்கணக்கானோருக்கு அதுதான் தபால் முகவரி. ஆனால் நாங்கள் கிளம்பிய சமயம் டெக்சஸில் வருடா வருடம் வண்டியைக் கொண்டுபோய்ப் பரிசோதனை காட்ட வேண்டும் (2025-ல்தான் சொந்த வண்டிகளுக்கு அதை எடுத்தார்கள்). தெற்கு டகோட்டாவில் அந்த வேலை இல்லை, வண்டி வாங்கும் வரியும் 4 சதவீதம்தான். அங்கேயே என்று முடிவுசெய்தோம். 65 வயது ஆகாதவர்கள் முடிவெடுக்கும் முன் மருத்துவக் காப்பீட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெளிமாநிலத்தில் செல்லுபடியாகும் திட்டம் எல்லா மாநிலத்திலும் கிடைப்பதில்லை. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தெற்கு டகோட்டாவாசி ஆக என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒரு ராத்திரி தூங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு கேம்ப்கிரவுண்டிலோ ஓட்டலிலோ தங்கி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது ஒரு வருடத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும். கூடவே ஒரு தபால் சேவை நிறுவனத்தில் எடுத்த தனி அஞ்சல் பெட்டியின் முகவரிச் சான்று, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி சான்று, அப்புறம் ஒரு பிரமாணப் பத்திரம். வெளியே போனாலும் திரும்பி வர நினைக்கும் மாநிலம் இதுதானா என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முந்தைய நாள்தான் முதல்முதலாக அந்த மண்ணை மிதித்திருந்தேன். எழுதும்போது லேசாகக் கூச்சமாக இருந்தது.

அந்த ஒரு ராத்திரியிலும் ஒரு கோளாறு. ராப்பிட் சிட்டியில் உரிம அலுவலகத்தின் கவுன்ட்டரில் என் கணவருடைய காகிதங்களைப் பார்த்து முத்திரை குத்திய பெண், என்னுடையதை வாங்கி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் உங்கள் பெயர் இல்லையே." கேம்ப்கிரவுண்டில் பதிவு செய்தவர் என் கணவர். ஒரே வண்டி, ஒரே கட்டில், ஆனால் ரசீதின்படி அந்த ராத்திரி அங்கே தூங்கியது அவர் மட்டும். பதினெட்டு மைல் திரும்பிப் போய், என் பெயரையும் சேர்த்து அச்சடித்து வாங்கி வந்தேன். தம்பதியாகப் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள்.

உரிமம் அன்றே கிடைத்தது, ஐந்து வருடத்துக்கு. மறுநாள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கருவூலத்தில் வண்டிக்கு ரஷ்மோர் மலை போட்ட நம்பர் பிளேட். ஓட்டு விஷயம் மட்டும் அப்புறம் சிக்கலானது. வாக்காளராகப் பதிய 30 நாள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: குடியுரிமை வாங்கிவிட்டு ஊர் சுற்றுங்கள். முகவரி மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரே மாநிலத்தில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். வாராவாரம் இடம் மாறுகிறவர்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது.

சரி, மனிதர்கள் கதை முடிந்தது. அடுத்து நாய்கள்.

ஒஹாயோவில் நாய் லைசென்ஸ் கவுண்டியின் வேலை. வருடா வருடம் டிசம்பர் 1-லிருந்து ஜனவரி 31-க்குள் புதுப்பித்துவிடுவேன். புது வருட வில்லை தபாலில் வரும், பழையதைக் கழற்றிவிட்டு அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவேன். தெற்கு டகோட்டாவிலும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்து, ராப்பிட் சிட்டியில் இரண்டு பேருக்கும் ரேபீஸ் தடுப்பூசி போட்ட கையோடு, எங்கள் அஞ்சல் பெட்டி இருக்கும் ஊரின் நகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் வயதான அம்மா போல. நான் முகவரியைச் சொன்னதும் சிரித்தார். தினமும் எத்தனை பேர் கேட்பார்களோ.

"நாய் எங்கே தூங்குகிறது, சொல்லுங்கள்."

"இன்று இங்கே. அடுத்த வாரம் வயோமிங். அப்புறம் யூட்டா."

"அப்படியானால் அது எங்கள் ஊர் நாய் இல்லை, அம்மா."

போனை வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன். "விட்டது தொல்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கேதான் தப்பு செய்தோம். அந்த அம்மா சொன்னதைப் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் ஊர் நாய் இல்லை என்றார். எந்த ஊர் நாயும் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

குளிர்காலத்துக்கு அரிசோனா போனோம். குவார்ட்ஸைட் என்ற சிற்றூருக்கு வெளியே லா போசா என்று ஒரு பாலைவன வெளி இருக்கிறது. மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தம். சாதாரணமாக அந்தத் துறையின் நிலங்களில் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க விடமாட்டார்கள். இங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கு அப்போது 180 டாலர். தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் இடம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக்கல், நெடுநெடுவென சகுவாரோ கள்ளி, இடையிடையே வெள்ளை வெள்ளையாக வண்டிகள். நவம்பர் 12 அன்று போய்ச் சேர்ந்தோம். சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு, எனக்கும் கருப்பிக்கும் தயிர் சாதம்.

டிசம்பர் 20. பக்கத்து வண்டி அம்மாளின் குட்டி நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்து முத்துவின் தட்டில் வாயை வைத்தது. இரண்டும் உருண்டு புரண்டன. அந்த அம்மாள் பதறிப்போய் நடுவில் கையை விட்டுவிட்டார். முத்துவின் பல் அவர் கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை, ஆனால் இரண்டு பொட்டு ரத்தம். "என் தப்புதான், விடு" என்றார் அவர். இருந்தாலும் எழுபத்து மூன்று வயது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். நானே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நாய்க்கடி என்றால் மருத்துவமனை கவுண்டிக்குத் தெரிவித்தாக வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளை டிரக் எங்கள் வாசலில் நின்றது.

வந்த கவுண்டி அதிகாரி தன்மையான மனிதர். ரேபீஸ் சான்றிதழைக் கேட்டார், போனில் காட்டினேன். நாய்க்கு அரிசோனா லைசென்ஸ் கேட்டார். நாங்கள் தெற்கு டகோட்டாக்காரர்கள் என்று என் கணவர் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். அதை அவர் கையில்கூட வாங்கவில்லை. "எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள்?" என்றார். என் கணவர் பதில் சொல்வதற்குள், வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் செருகி வைத்திருந்த அனுமதி ரசீதில் தேதியைப் பார்த்துவிட்டார். நவம்பர் 12. விரல்விட்டு எண்ணவே வேண்டாம், முப்பத்தெட்டு நாளுக்கு மேல்.

அரிசோனா சட்டம் நாய்க்காரர் எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்பதில்லை. மூன்று மாதம் நிரம்பிய எந்த நாயும் மாநில எல்லைக்குள் தொடர்ந்து 30 நாள் இருந்தால் கவுண்டியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எனக்குத் தெற்கு டகோட்டாவாசி ஆக ஒரு ராத்திரி போதுமாயிருந்தது, முத்துவுக்கு முப்பது ராத்திரி. எடுக்காவிட்டால் என்ன, அபராதம்தானே என்று நினைப்போம். கடித்த பிறகுதான் வேறு ஒரு வித்தியாசம் தெரிந்தது. கடித்த நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். தடுப்பூசியும் லைசென்ஸும் இரண்டும் இருந்தால், கவுண்டி சம்மதத்தோடு அந்தப் பத்து நாளையும் சொந்த இடத்திலேயே கழிக்கலாம். ஏதாவது ஒன்று இல்லை என்றாலும் கவுண்டியின் நாய்க் காப்பகம், அல்லது நம் செலவில் கால்நடை மருத்துவமனை. தடுப்பூசி இருக்கிறதே என்று மன்றாடிப் பார்த்தேன். "இரண்டும் வேண்டும்" என்றார் மெதுவாக.

கால்நடை மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தோம். பத்து நாளுக்கு 420 டாலர். காசு போகட்டும். முத்து ஏழு வருடத்தில் ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. தினமும் மத்தியானம் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். முதல் நாள் குரைத்தான். நான்காம் நாள் எழுந்து நின்றான். ஆறாம் நாள் எங்களைப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று வண்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் என் கணவர் வாயே திறக்கவில்லை.

அந்தப் பத்து நாளுக்குள் இருவருக்கும் லைசென்ஸ் எடுத்தேன். வேறு மாநிலத்தில் போட்ட ரேபீஸ் ஊசியை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் அந்த மாநிலத்து மருத்துவரின் கையெழுத்துள்ள சான்றிதழ் வேண்டும். என் போனில் இருந்தது அவசரத்தில் எடுத்த படம். கீழ்ப்பகுதி, அதாவது கையெழுத்தும் ஊசி மருந்தின் வரிசை எண்ணும், படத்துக்கு வெளியே போயிருந்தது. ராப்பிட் சிட்டிக்குப் போன் போட்டு முழுப் பிரதியை மின்னஞ்சலில் வரவழைத்தேன். குடும்பக் கட்டுப்பாடு செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு, அதற்கும் ஒரு காகிதம் காட்ட வேண்டும். வசிக்கும் இடம் என்ற கட்டத்தில் கதவு எண் கேட்டிருந்தது. பாலைவனத்தில் கதவு எண்ணுக்கு எங்கே போவது? "லா போசா தெற்கு" என்று எழுதி, தபாலுக்குத் தெற்கு டகோட்டா முகவரியைக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் எதுவும் கேட்கவில்லை. பழக்கம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த இடத்திலாவது மூன்று வாரத்துக்கு மேல் தங்கப் போகிறோம் என்றால், போய்ச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கவுண்டிக்குப் போன். சில இடங்களில் லைசென்ஸ் நகராட்சியிடம், சில இடங்களில் கவுண்டியிடம். பென்சில்வேனியா போன்ற இடங்களில் மாநிலச் சட்டமே உண்டு. நான் யார், எந்த ஊர் என்று விளக்கம் கொடுப்பதில்லை. "நாய் இங்கே இத்தனை நாள் தூங்கும், என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள். அப்படிச் சொன்னவர் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

2025 கோடையில் அலாஸ்கா போனபோது அந்த நோட்டு ஒரு கோப்பாகவே வளர்ந்திருந்தது. மூன்று வருட ரேபீஸ் ஊசி ஆகஸ்டில் முடிகிறது, நாங்களோ அப்போது எங்காவது கனடாவின் யூக்கானில் இருப்போம். அதனால் மே மாதமே போட்டுவிட்டோம். கனடாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் போதும். அலாஸ்காவுக்கு 30 நாளுக்குள் வாங்கிய உடல்நலச் சான்றும் வேண்டும். அதை மொன்டானாவில் வாங்கினோம். அமெரிக்காவுக்குள் திரும்பி வர, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதி வைத்திருக்கிறது: நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், அவர்கள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ரேபீஸ் அபாயம் குறைந்த நாடுகளில் மட்டுமே ஆறு மாதமாக இருந்த நாய்க்கு அந்த ஒரு படிவம் போதும். அதன் ரசீது ஆறு மாதம் செல்லும், எத்தனை தடவை வேண்டுமானாலும் எல்லை தாண்டலாம். இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுவருகிறவர்கள் இதை நம்பி வராதீர்கள். இந்தியா அபாயம் அதிகமுள்ள பட்டியலில் இருக்கிறது, அதற்கு வேறு காகிதங்கள்.

கனடா எல்லையில் அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "நாய்த் தீனி இருக்கிறதா?" என்றார். 20 கிலோ வரை கொண்டுபோகலாம், அமெரிக்காவில் தயாரித்ததாக, கடைப் பையோடு இருக்க வேண்டும். நானோ நம் ஊர் வழக்கப்படி பையைப் பிரித்து, அரிசி மாதிரி டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். நல்லவேளை, காலிப் பையைத் தூக்கியெறியும் பழக்கமும் நமக்கு இல்லை. மடித்து சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். தயிர் சாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2027-ல் எங்கள் ஓட்டுநர் உரிமம் முடிகிறது. மறுபடி தெற்கு டகோட்டா போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும். இந்தத் தடவை பதிவு நான் செய்கிறேன், இரண்டு பெயரும் போட்டு.