வாரன் இறங்கும் வரை

2022 அக்டோபர் 10, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். மலேசிய நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதாக அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி தொலைக்காட்சியில் அறிவித்தார். முந்தின வெள்ளிக்கிழமைதான், அக்டோபர் 7, அடுத்த வருடத்துக்கான 372.3 பில்லியன் வெள்ளி பட்ஜெட்டை மக்களவையில் தாக்கல் செய்திருந்தார்கள். அது நிறைவேறவே இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு அது தேர்தல் செய்தி. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்ப் பாசாரின், அதாவது சந்தையின் கூரை.

பேராக்கில், ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகிற பக்கம் இருக்கும் ஒரு மாவட்ட ஊராட்சி மன்றத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எழுதுவதால் ஊர்ப் பெயர் வேண்டாம். தோட்டத்தால் உண்டான ஊர். முன்னே பால்மரம், இப்போது நாலு பக்கமும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது ஊருக்குள் வந்து தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி வீடுகளில் குடியேறியவர்கள் இங்கே நிறையப் பேர். என் அம்மாவும் அப்படி வந்தவர்தான்.

அந்தத் தோட்டத்துப் பெண்கள் பலருக்குப் பாசார்தான் பிழைப்பு. கீரை, வெற்றிலை, மாவிலை, தேங்காய், வாழைப்பூ. பின்வரிசையில் கீரை விற்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் இரண்டு ஓட்டை. மழை தொடங்கினால் சாக்கை ஒரு முழம் இடப்பக்கம் இழுப்பார். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் சொட்டும், வலப்பக்கம் இழுப்பார். பழைய பால்வாளி ஒன்றைச் சரியாக ஓட்டைக்குக் கீழே வைத்திருப்பார். தண்ணீர் அதில் விழும் சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்கும். அக்டோபர், நவம்பர் என்றால் எங்கள் பக்கம் தினமும் சாயங்காலம் மழை. பின்னால் போகும் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும்.

இந்தக் கூரைக்கும் கால்வாய்க்கும் மின்கம்பி மாற்றுவதற்கும் சேர்த்து மத்திய அரசாங்கத்தின் மானியத்துக்கு ஒப்புதல் கடிதம் வந்திருந்தது. கடிதத்தின் நகல் பாசார் அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டப்பட்டது. ஒட்டியது யார் என்பது முக்கியமில்லை. ஒட்டியிருக்கக்கூடாது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஒப்புதல் கடிதம் பணம் கிடையாது. வாரன் இறங்கினால்தான் பணம். எங்கள் அலுவலகத்தில் 'வாரன் தூருன் ஆச்சா?', அதாவது இறங்கிவிட்டதா என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு இவ்வளவு செலவு செய்யலாம் என்று அதிகாரம் கொடுக்கும் தாள் அது. அது இல்லாமல் குத்தகையாளருக்கு எல்.ஓ., அதாவது வேலைக்கான உத்தரவுத் தாள், வெட்ட முடியாது. எல்.ஓ. இல்லாமல் ஓர் ஆணி அடித்தாலும் அந்த ஆணிக்கு யாரும் பணம் கொடுக்க முடியாது. கடிதத்துக்கும் வாரனுக்கும் நடுவில் கிடக்கிற அந்த மாதங்களை எப்படித் தாண்டினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி காத்திருக்கும் பள்ளி வாரியங்கள், கோயில் நிர்வாகங்கள் நிறைய இருப்பது எனக்குத் தெரியும்.

கலைப்புக்குப் பிறகு அலுவலகம் திறந்த முதல் நாள், எங்கள் கணக்குப் பிரிவின் தலைமை அதிகாரி, மலாய்க்கார அம்மா, நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். "நம்ம காசு இந்தப் பக்கம், அவங்க காசு அந்தப் பக்கம். எழுது" என்றார். எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு கலந்து கிடக்கிறது என்று தெரிந்தது.

நம்ம காசு என்பது மதிப்பீட்டு வரி, மக்கள் சொல்லும் சுக்காய் பிந்து. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு கடைசிக்குள் மறு பாதி. அப்புறம் கடை லைசென்ஸ், பாசார் வாடகை, அபராதம். குப்பை லோரி ஓடுவதும் சம்பளம் போடுவதும் இதில்தான்.

அந்தப் பக்கம் பல வகை. சாலைப் பராமரிப்புப் பணம் மாநிலத்துக்கு அரசியலமைப்புச் சட்டப்படி வருகிறது. மாரிஸ் என்ற பதிவேட்டில் இருக்கும் சாலைகளின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் அது வரும். எந்த மாதம் வரும் என்பதுதான் கேள்வி. இன்னொன்று, மத்திய அரசாங்கக் கட்டடங்களுக்கு வரிக்குப் பதிலாகக் கொடுக்கும் பணம். போலீஸ் நிலையம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை இவற்றுக்கெல்லாம் சுக்காய் பிந்து கிடையாது. அரசியலமைப்பின் 156வது பிரிவுப்படி அதற்கு ஈடாக ஒரு தொகை. பெரிய தொழிற்சாலை இல்லாத ஊருக்கு இது சின்னப் பணம் இல்லை. கடைசியாகத்தான் எங்கள் பாசார் மாதிரித் திட்ட மானியங்கள். அவை புதிய பட்ஜெட்டில் பெயர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அதுவரைக்கும் 'மானியம்' என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தோம். கட்டாயம் வருவது, தாமதமாக வருவது, வந்தாலும் வரலாம் என்பது மூன்றும் ஒரே வரியில். அதுதான் எங்கள் தவறு. அதைப் பிரித்த நாளிலிருந்துதான் மூச்சு விட முடிந்தது.

சில நாளில் பேராக் சட்டமன்றமும் கலைந்தது. நவம்பர் 19 இரண்டுக்கும் சேர்த்து வாக்களிப்பு. மன்ற உறுப்பினர்களுக்கோ தங்கள் நியமனம் நீடிக்குமா என்றே தெரியாது. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டதிலிருந்து எங்களுக்கு நியமன உறுப்பினர்கள்தான். மாநில அரசு மாறினால் அவர்களும் மாறலாம். மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போன் செய்தால் 'பொறுங்கள்', மாநிலத் தலைநகர் ஈப்போவுக்குப் போன் செய்தால் 'பொறுங்கள்'. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் தெரியாது.

தீபாவளிச் சந்தை வந்தது. அக்டோபர் 24 தீபாவளி. அதற்கு முந்தின மூன்று நாளும் மழை. பாட்டி என்னைப் பார்த்ததும், "பாப்பா, கடுதாசி ஒட்டி எவ்வளவு நாளாச்சி, கூரை எப்ப வரும்?" என்று கேட்டார். நான், "தெரியல பாட்டி. காசு இன்னும் வரல. வருமான்னும் தெரியல" என்றேன். பக்கத்தில் நின்ற சக ஊழியருக்கு அது பிடிக்கவில்லை. ஜனவரியில் வரும் என்று சொல்லியிருக்கலாமாம். பாட்டி கோபப்படவில்லை. "அப்படின்னா நான் கான்வாஸ் வாங்கிக் கட்டிக்கிறேன்" என்றார். அந்த வாரமே நீலக் கான்வாஸ் ஒன்றை மகனை விட்டுக் கட்டவைத்தார். ஜனவரி என்று நான் சொல்லியிருந்தால் அவர் வாளியோடு காத்திருந்திருப்பார்.

அந்தப் பதில் என்னை உறுத்தியது. புவானிடம் போய், கூரை வேலையை மூன்றாகப் பிரிக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் அண்ணன் ஒரு நாள் முழுக்க ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு தகரமாகப் பார்த்தார். பின்வரிசையில் பதினேழு தகரமும் அதைத் தாங்கும் சட்டம் சிலதும்தான் உண்மையில் ஆபத்து. கால்வாயில் இரண்டு இடத்தில் தூர் வாரினால் போதும். இதை நம்ம காசிலேயே, பராமரிப்புக் கணக்கில் செய்யலாம். மின்கம்பி இரண்டாவது. முழுக் கூரையும் புதுக் கால்வாயும் மூன்றாவது. அது மானியம் வந்தால் மட்டும். முக்கியமான விஷயம், முதல் பகுதியில் போடுகிற தகரம் பின்னால் முழுக் கூரை வரும்போது வீணாகக்கூடாது. அதனால் அதே அளவு, அதே கனம், கழற்றி மறுபடி மாட்டக்கூடிய திருகு. அண்ணன் இதில் பிடிவாதமாக இருந்தார். நல்ல வேளை.

பராமரிப்புக் கணக்கில் காசு வேண்டுமே. பாக்கிப் பட்டியலை எடுத்தோம். வீட்டு வரி பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சட்டப்படி முதலில் பாரம் ஈ நோட்டீஸ், அதற்கும் கட்டாவிட்டால் வாரன் எஃப். இது வேறு வாரன், இதை வைத்து வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யலாம். வாரன் எஃப்போடு ஒரு தாமான் வீட்டுக்குப் போய் டிவியைத் தூக்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்த வீடுகளில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பெரிய பாக்கிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது மேலே இருந்தவை வீடுகளே இல்லை. பூட்டிக் கிடந்த கடைவீடுகள், வெளியூர் முதலாளிகளின் காலி மனைகள். முதல் நோட்டீஸ்கள் அங்கே போயின. வீட்டுக்காரர்களுக்கு மாதத் தவணை. டிசம்பருக்குள் பின்வரிசைத் தகரத்துக்கான காசு சேர்ந்துவிட்டது.

இடையில் நடந்த ஒன்று இன்னும் மனசை அறுக்கிறது. உள்ளூர்க் குத்தகையாளர் ஒருவர், நம் ஆள், சின்ன அளவில் தொழில் செய்பவர், பலகையில் ஒட்டியிருந்த கடிதத்தைப் பார்த்து, யாரோ 'உனக்குத்தான்' என்று சொன்ன வாயை நம்பி, கடன் வாங்கித் தகரம் இறக்கி வைத்துவிட்டார். எல்.ஓ. கிடையாது, விலைப்புள்ளி அழைப்பு கிடையாது. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ரசீதை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு அதிகாரமில்லை. பிறகு முறைப்படி விலைப்புள்ளி கேட்டபோது அவரும் போட்டார். வேறொருவர் விலை குறைவாக இருந்தது. தகரத்தைக் குறைந்த விலைக்கு விற்றுத்தான் கடனை அடைத்தார். அன்றைக்கே பலகைக்குப் போய் அந்தக் கடிதத்தை நானே கிழித்தெடுத்தேன். அதற்குப் பதிலாக மூன்று வரியில் ஒரு தாள்: பின்வரிசைத் தகரம், மன்றத்தின் காசில், நடக்கிறது. மின்கம்பி, முடிவாகவில்லை. முழுக் கூரை, மத்திய மானியம் கேட்டிருக்கிறோம், வாரன் வரவில்லை. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும். மாதம் ஒரு முறை தேதி போட்டு மாற்றினேன், மாற்றம் இல்லாவிட்டாலும்.

தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் கூடி, முழு பட்ஜெட் இல்லாமல், முன்பணமாக சுமார் 107.7 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் கொடுத்தது. சம்பளம், ஓய்வூதியம், உதவித்தொகை நிற்காமல் இருக்க. நண்பர்கள் 'பணம் பாஸ் ஆயிடுச்சி' என்று வாட்ஸ்அப் அனுப்பினார்கள். ஆனால் எங்கள் கூரை மாதிரி இன்னும் தொடங்காத வேலைக்கு அதில் இடம் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தாளில் மூன்றாவது வரியை மாற்றவில்லை.

பொங்கல் போனது, தைப்பூசம் போனது. அந்த நாட்களில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை, வாரன் வந்த அன்றைக்கே ஓடத் தயாராக இருப்பது. வரைபடம், அளவுப் பட்டியல், மதிப்பீடு, நில உரிமைத் தாள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டினோம். மத்தியப் பணத்துக்குப் பெரும்பாலும் அந்த வருடத்துக்குள் செலவழித்துப் பில் அனுப்ப வேண்டும். விட்டால் பணம் திரும்பிப் போகும். வாரன் தாமதமாக வருவதற்கு எங்களைத் தண்டிப்பதில்லை. ஆனால் டிசம்பர் யாருக்காகவும் காத்திருக்காது. விலைவாசி ஏறியிருந்ததால் பழைய மதிப்பீட்டை அண்ணன் மறுபடி போட்டார். அதே தொகைக்குள் நிற்க, முன்வாசல் அலங்கார வளைவை வெட்டினோம். யாரும் அதைக் கேட்கவில்லை.

சாலை பற்றியும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். பாசாருக்கு வரும் செம்மண் சாலையில் பாதி தோட்டத்துக்குச் சொந்தம். தனியார் நிலம். மாரிஸ் பதிவேட்டில் கிடையாது. அதனால் சாலைப் பணத்தில் ஒரு சென்கூட அதில் போட முடியாது. நிறுவனம் சாலையை ஒப்படைத்து, அளந்து, பதிவில் ஏற்றினால்தான் உண்டு. அதற்கான கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது.

2023 பிப்ரவரி 24 வெள்ளிக்கிழமை, பிரதமர் அன்வார் 388.1 பில்லியன் வெள்ளிக்குப் புதிய பட்ஜெட் தாக்கல் செய்தார். அலுவலகத்தில் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். உரையில் எங்கள் ஊர்ப் பெயர் வராது என்று தெரியும், ஆனாலும் பார்த்தோம். மார்ச்சில் புத்ராஜெயாவுக்கு மறுபடி எழுதினோம், புதிய மதிப்பீட்டோடு, முதல் பகுதி எங்கள் காசில் முடிந்த படங்களோடு. அந்தப் படங்கள் உதவின என்று பின்னால் ஓர் அதிகாரி சொன்னார். ஜூலையில் வாரன் இறங்கியது. கேட்ட தொகை முழுசாக இல்லை. புதுக் கால்வாய் அதில் சேரவில்லை.

தகவல் வந்தபோது மதியம் சாப்பாட்டு நேரம். புவான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கோப்பை எடுத்துவந்தார். இரண்டே நாளில் விலைப்புள்ளி அழைப்பை வெளியிட்டோம். நவம்பர் நடுவில் வேலை முடிந்தது. பதினேழு தகரமும் கழற்றி அதே கூரையில் மறுபடி ஏறின. கடைசிப் பில்லை டிசம்பர் முதல் வாரத்தில் நானே சரிபார்த்து அனுப்பினேன்.

பாட்டி நீலக் கான்வாஸை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சாக்குக்குக் கீழே விரித்து அதன்மேல் கீரையை அடுக்குகிறார். கால்வாய்த் தண்ணீர் இன்னும் கீழிருந்து வருகிறது. பலகையில் இப்போது ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: கால்வாய், மானியம் கேட்டிருக்கிறோம், வாரன் வரவில்லை. முதல் தேதி பிறந்தால் போய்த் தேதியை மாற்றிவிட்டு வருகிறேன்.