ரயில் டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள்: ஒருவழி டிக்கெட்டில் தாய்லாந்து போன அனுபவம்

பாங்காக் வரை விமானம். அங்கே பத்து நாள். அப்புறம் இரவு ரயிலில், தாய்லாந்து-மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசார் வழியாக மலேசியா. எந்த ஊரிலிருந்து எப்போது திரும்புவது என்பதை மலேசியா போய் முடிவு செய்யலாம் என்று விட்டிருந்தேன். அதனால் திரும்பும் விமான டிக்கெட் எடுக்கவில்லை. ஆனால் தாய்லாந்தை விட்டு வெளியேறும் ரயில் டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தைத் தவறவிடும் நிலைக்கு வந்தேன். வாரக்கணக்கில் ஆகியும் அந்தப் படபடப்பு போகவில்லை. தரைவழியாக வெளியேறும் திட்டத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையில் சிக்கலே இல்லை. 2025 மே 1 முதல் அது கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

கிளம்பும் நாளன்று விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர் திறந்ததும் வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நின்றேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண் கேட்ட முதல் கேள்வி: "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே சார்?"

அச்சிட்டு வைத்திருந்த ரயில் டிக்கெட்டை நீட்டினேன். 45-ஆம் எண் ரயில், பாங்காக்கிலிருந்து பாடாங் பெசார், இரண்டாம் வகுப்பு, கீழ்ப் படுக்கை, என் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் இருந்தன. ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது ரயில். ஃப்ளைட் டிக்கெட் வேணும்."

இரண்டு வாரம் முன்பு அதே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து இதைத்தான் கேட்டிருந்தேன். நாட்டை விட்டு வெளியேறுவதற்கான எந்த டிக்கெட்டும் போதும் என்றார்கள். அதைச் சொன்னேன். "யார் சொன்னாங்க? மெயில் இருக்கா?" என்றார். மெயில் இல்லை. போனில் கேட்டது வெறும் பேச்சாகப் போய்விட்டது.

மேற்பார்வையாளர் வந்தார். விமான நிறுவனங்கள் எல்லாம் பார்க்கிற டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன ஆவணம் தேவை என்று சொல்வது அதுதான். திரும்பும் டிக்கெட் அல்லது மேற்கொண்டு வேறு நாடு செல்லும் டிக்கெட் வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. விமானம் என்ற சொல்லே இல்லை. விரலை வைத்துக் காட்டினேன்.

"புரியுது சார். ஆனா இந்த ரயில் டிக்கெட் உண்மையான்னு நான் எப்படிப் பார்க்கிறது? ஃப்ளைட்னா நம்பரைப் போட்டா தெரிஞ்சிடும். அங்கே உங்களைத் திருப்பி அனுப்பினா நாங்கதான் கூட்டிட்டு வரணும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நுழைய அனுமதி கிடைக்காத பயணியைத் திரும்ப ஏற்றிவருவது ஏற்றிச்சென்ற நிறுவனத்தின் பொறுப்பு, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் இமிக்ரேஷனில் கேட்பதைவிடக் கடுமையாகச் செக்-இன்னிலேயே கேட்கிறார்கள். ஆனாலும் விதியில் இல்லாத ஒன்றை, நான் கிளம்பும் நாளன்று, கவுன்டரில் வைத்துச் சொன்னது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். போனில் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. வரிசையில் நின்ற ஒருவர், விமான முன்பதிவு மட்டும் போட்டுத்தரும் தளம் ஒன்றைக் காட்டினார். பணம் கட்டினேன். ஐந்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது. மேற்பார்வையாளர் அதிலிருந்த ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டிப் பார்த்தார். "உங்க பேர் இருக்கு, டிக்கெட் நம்பர் இல்லையே." முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. பணம் கட்டி டிக்கெட் ஆகியிருந்தால் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். கட்டிய காசு போனது ஒருபுறம். அதுவரை மரியாதையாகப் பேசியவர் பார்வை மாறி, எங்கே தங்குகிறீர்கள், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். தயவுசெய்து அந்தக் குறுக்குவழியில் போகாதீர்கள்.

கவுன்டர் மூட நாற்பது நிமிடம் இருந்தது. ஓரமாகப் பெட்டிமேல் உட்கார்ந்து, பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு முழுப் பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை நேரடியாக இன்னொரு விமான நிறுவனத்தின் தளத்திலேயே தேடிப் பிடித்தேன். பணம் கட்டும் இடத்தில் ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன், வரவில்லை. திரையில் நொடிகள் குறைந்து பூஜ்யமாகி, பெயர் முதல் எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று. இரண்டாவது கார்டில்தான் வேலை முடிந்தது. மெயில் வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். எண்ணைத் தட்டினார், தலையசைத்தார். போர்டிங் பாஸ் கைக்கு வந்தபோது கவுன்டர் மூடப் பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

பாங்காக்கில் இமிக்ரேஷன் அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைரேகை, புகைப்படம், முத்திரை, அவ்வளவுதான்.

அன்று இரவே அந்த விமான டிக்கெட்டை ரத்து செய்தேன். இதில் இரண்டு விஷயம். ஒன்று, விமானம் கிளம்புவதற்கு முன் ரத்து செய்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பணம் திரும்பும் வகை டிக்கெட்டிலும் பிடித்தம் இருக்கலாம், சிலவற்றில் ஒன்றுமே வராது. இன்னொன்று, இடைத்தரகுத் தளத்தில் வாங்காதீர்கள். அவர்களின் சேவைக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. எனக்குப் பத்தொன்பது நாளில் கார்டில் பணம் வந்தது.

பத்தாம் நாள் அதே ரயிலில் ஏறினேன், அதே கீழ்ப் படுக்கை. ஹாட்யாயில் பெரும்பாலான பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள், மிச்சம் கொஞ்சம் பெட்டிகளோடு மறுநாள் காலை பாடாங் பெசார் வந்து சேர்ந்தது. இரு நாட்டு இமிக்ரேஷனும் அந்த ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. தாய்லாந்துக் கவுன்டரில் வெளியேறும் முத்திரை விழுந்தபோது அந்த ரயில் டிக்கெட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். இதைத்தானே டிக்கெட் இல்லை என்றார்கள்! மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும், அங்கிருந்து வீடு திரும்பும் விமான டிக்கெட்டையும் இந்த முறை முதல் நாளே தயார் செய்திருந்தேன். அங்கே அதிகாரி கேட்டதும் காட்டினேன். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க மறந்துவிடாதீர்கள், அடுத்த ரயில் மலேசிய நேரப்படி கிளம்பும்.

மூன்றாவது நாட்டுக்குப் போகும் டிக்கெட்டைக் காட்டினால், அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு விசா வேண்டுமா என்றும் பார்ப்பார்கள். என்னிடம் பார்த்தார்கள். அமெரிக்காவுக்கு விசா விலக்குத் திட்டத்தில் போகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். கனடா, மெக்சிகோ போன்ற பக்கத்து நாடுகளோடு முடியும் டிக்கெட், அங்கே குடியிருப்பவராக இருந்தால் ஒழிய, கணக்கில் வராது.

அடுத்த மாதம் பிலிப்பைன்ஸ் போகிறேன். அங்கேயும் வெளியேறும் டிக்கெட் கேட்பார்கள், நான் கப்பலில் வெளியேற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் டிக்கெட்டை ஏற்பீர்களா என்று இந்த முறை விமான நிறுவனத்துக்கு மெயில்தான் அனுப்பினேன். ஏற்க மாட்டோம், விமான டிக்கெட் வேண்டும் என்று நேற்றுப் பதில் வந்தது. விமான டிக்கெட்டை இன்றே எடுத்துவிட்டேன்.