நெருக்கடி வந்தால் யார் பையிலிருந்து?

சிங்கப்பூரில் பொருளியல் சரியும்போதெல்லாம் அரசாங்கத்துக்கு முதல் கவலை, முதலாளிகளின் சம்பளச் செலவை எப்படி இறக்குவது என்பதுதான். ஆட்குறைப்பைத் தள்ளிப்போடத்தான் அது. அந்தச் செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

1985 மந்தத்துக்குப் பிறகு, 1986 ஏப்ரலில் ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு (மசே நிதி) முதலாளி செலுத்தும் சந்தா, சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறங்கியது. 1999இல் மீண்டும் அதே மருந்து: 20இலிருந்து 10. மாதம் 2,000 வெள்ளி வாங்கியவருக்கு முதலாளி போட்ட 400 வெள்ளி, 200 ஆனது. கைக்கு வரும் சம்பளம் குறையாததால் வெட்டு வெளியே தெரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுத் தவணையை மசே நிதியிலிருந்து கட்டியவருக்குத்தான் அது உறைத்தது. கணக்கில் போதாததை ரொக்கமாகப் போடவேண்டும். கருவூலத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் இறக்கியதை ஏற்றுவது லேசல்ல: 55 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இன்றும் முதலாளி சந்தா 17 விழுக்காடுதான்.

2009இல் வழி மாறியது. ஜாப்ஸ் கிரெடிட் திட்டத்தில், மாதச் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை அரசாங்கமே முதலாளிக்குக் கொடுத்தது. ஓர் ஊழியருக்கு மாதம் அதிகபட்சம் 300 வெள்ளி, காலாண்டுக்கு 900. அப்போதைய முதலாளி சந்தா 14.5 விழுக்காடு என்பதால், 2,500 வெள்ளி வரை வாங்கியவர்களைப் பொறுத்தவரை, அந்தச் சந்தாவில் பெரும்பகுதியை வெட்டியதற்குச் சமமான நிவாரணம் ஊழியரின் கணக்கைத் தொடாமலே கிடைத்துவிட்டது. பணம் வந்தது முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த நிதியிருப்பிலிருந்து. அதைத் தொட அரசாங்கத்தோடு அதிபரும் சம்மதிக்கவேண்டும், அதுதான் 'இரண்டாவது சாவி'. அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன், இதற்கும் நிறுவனக் கடன் திட்டம் ஒன்றுக்குமாக 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் தந்தார். எடுத்த சுமார் 4 பில்லியனை 2011இல் திருப்பி வைத்தார்கள், வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லாதபோதும்.

ஜாப்ஸ் கிரெடிட்டுக்கு விண்ணப்பப் படிவமே இருக்கவில்லை. மசே நிதிப் பதிவைப் பார்த்துக் கணக்கிட்டுப் பணம் போய்விட்டது. வேகத்துக்குக் காரணம் அதுதான், ஓட்டையும் அங்கேதான். யாரையும் நீக்கும் எண்ணமே இல்லாத நிறுவனத்துக்கும் பணம் போனது. 2020இல் அதே பாணியில் வந்த ஜாப்ஸ் சப்போர்ட் திட்டம், மாதச் சம்பளத்தின் முதல் 3,600 வெள்ளிக்கு 8 விழுக்காடு என்ற அறிவிப்போடு தொடங்கி, ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கு எல்லாத் துறைக்கும் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காடு ஆனது. தொகை பெருத்ததும், வேலையில் இல்லாதவர் பெயரில் சந்தா கட்டி ஏமாற்றும் ஆபத்தும் பெருத்தது. எனவே சில முதலாளிகளிடம் உள்நாட்டு வருவாய் ஆணையம் முதலில் ஆதாரம் கேட்டது, பிறகுதான் பணம் விட்டது.

அரசாங்கம் தன் சொந்த அமைச்சுகளின் செலவை இறுக்கும் விதம் வேறு. 2017 வரவுசெலவுத் திட்டம் அவற்றின் செலவு உச்சவரம்பில் நிரந்தரமாக 2 விழுக்காட்டைக் கழித்தது. அடுத்து, 2019 முதல் அந்த உச்சவரம்பின் வளர்ச்சி, பொருளியல் வளர்ச்சியில் 0.4 மடங்கிலிருந்து 0.3 மடங்காகச் சுருங்கியது. கொழுத்தவனுக்கும் மெலிந்தவனுக்கும் ஒரே பட்டினி! இப்படிச் சீராக வெட்டும்போது எந்த நாட்டிலும் முதலில் போவது பயிற்சியும் பராமரிப்பும். அந்த ஆண்டில் யாரும் புகார் சொல்லமாட்டார்கள் அல்லவா? அடுத்து வெளியாருக்குக் கொடுக்கும் குத்தகை. குறைந்த விலை கேட்டவருக்கே துப்புரவுப் பணி என்றால், குறைந்த அந்த விலை துப்புரவாளரின் சம்பளத்திலிருந்துதான் வரும். சிங்கப்பூர் இதை முன்பே பார்த்துவிட்டது. 2014 செப்டம்பரில் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு படிப்படியான சம்பள முறையையும் (திறனும் பொறுப்பும் ஏற ஏறச் சம்பளமும் ஏறும் முறை) கட்டிப்போட வேண்டிவந்தது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி.