நேற்று யாரோடு கதைத்தீர்கள்?

ரொறன்ரோவை விட்டு வடமேற்கு ஒன்ராறியோவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே எவ்வளவு குளிர்? குளிர்தான், அதை மறைக்க முடியாது. நான் வந்து சேர்ந்த ஃபோர்ட் ஃபிரான்சிஸ் நகருக்கு எதிரே, ரெய்னி ஆற்றின் அக்கரையில் இருக்கும் இன்ரர்நஷனல் ஃபோல்ஸ் என்ற அமெரிக்க ஊர் தன்னை "நாட்டின் ஐஸ் பெட்டி" என்று பெருமையாக விளம்பரம் செய்துகொள்கிறது, இக்கரை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சைபருக்குக் கீழே முப்பது என்றால் இங்கே யாரும் அதை ஒரு கதையாக எடுப்பதில்லை. டிசம்பரில் பின்னேரம் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ஆனால் ஆற்றை ஒட்டிய பண்ணை வீடுகளில் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்குக் குளிர் பாதித் தொல்லைதான். இங்கே குளிர்காலத்தில்தான் ஆண்களுக்கு வேலை கூடுகிறது. சதுப்பு நிலம் உறைந்து இறுகினால்தான் கனரக வாகனங்கள் காட்டுக்குள் போய் மரம் வெட்டி ஏற்ற முடியும், அதனால் மரம் வெட்டப் போகிறவர் விடிய முன்னர் போய் இருட்டிய பின் வருவார். சுரங்க வேலை என்றால் இரண்டு கிழமை அங்கே, இரண்டு கிழமை வீட்டில். 2014இல் நகரத்துக் காகித ஆலை மூடும்வரை அங்கே வேலை செய்த ஒரு தகப்பன் இப்போது இப்படித்தான் போய்வருகிறார். வீட்டில் ஒரே கார் என்றால் அதுவும் அவரோடு போய்விடும். ஹைவேக்குப் போகும் மண் பாதையைப் பனி வழிக்கும் வண்டி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு, மூன்று வயதும் எட்டு மாதமுமாக இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வீட்டுக்குள் இருக்கிறாள்.

அந்த மாதிரி வீடுகளுக்குப் போவதுதான் என் வேலை. பதவியின் பெயர் நீளமானது, அதை விடுங்கள். பையில் புத்தகங்கள், விளையாட்டுச் சாமான்கள், சில சமயம் கடையில் வாங்கிய பால். காரில் மண்வெட்டி, போர்வை, மெழுகுதிரி. இரவில் காரின் எஞ்சின் சூடாக்கியை மின்சாரத்தில் செருகாமல் படுத்தால் காலையில் வேலை இல்லை.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள் என்று சொல்வது சுலபம். கனடியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் அறிவுரைப்படி, வெப்பநிலை -25க்குக் கீழே போனாலோ காற்றின் குளிர் -28க்குக் கீழே போனாலோ பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்க வேண்டும், ஆக ஜனவரியில் கிழமைக் கணக்கில் கதவைத் திறக்கவே முடியாத காலமும் உண்டு. திறக்கக்கூடிய நாளிலும் இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்ட அரை மணித்தியாலம். முதலில் காற்சட்டை, பிறகு பூட்ஸ், பிறகு ஜாக்கெட், தொப்பி, கையுறை. எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபிறகு ஒருவர் "சூச்சூ வருது" என்பார். கார் இருக்கையில் வைப்பதென்றால் அந்தத் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டியை இறுக்கி, மேலே போர்வை போட வேண்டும், ஏனென்றால் தடித்த உடுப்புக்கு மேல் பட்டி இறுகாது. இவ்வளவு பாடுபட்டு எங்கே போவது? பெட்ரோல் நிலையத்துக்கு.

எனக்குப் பிடித்த ஒரு வித்தை இருக்கிறது. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, தொப்பிப் பக்கம் பிள்ளையின் காலடியில் வருகிற மாதிரி வைக்க வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் கைப்பகுதிக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலால் தூக்கிப் பின்னால் போட்டால் ஜாக்கெட் தானாக ஏறிவிடும். மூன்று வயதுப் பையன் ஒருவன் இதைப் பழகிய நாளில் வெளியே போகவே இல்லை, மத்தியானம் வரை போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். தாய் சோபாவில் இருந்து சூடு ஆறாத கோப்பியை முழுதாகக் குடித்தாள். பெரிய பேசின் நிறையப் பனியை அள்ளி வந்து சமையலறைத் தரையில் துவாய் விரித்து வைத்து, இரண்டு கரண்டியும் கலர் தண்ணீரும் கொடுத்தாலும் இதே பலன்தான். மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, சரி, நல்லதுதான். தாய்க்குக் கிடைக்கும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

தாய்மாரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதை நான் குறைத்துவிட்டேன். "பரவாயில்லை" என்பார்கள், இந்தப் பக்கத்துச் சனங்கள் காலை உடைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பவர்கள்தான். நேற்று யாரோடு கதைத்தீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. கொஞ்சம் யோசித்து, "மகனோடு" என்பார்கள். இன்னொருத்தி, தபால் பெட்டிக்குப் போனபோது பனி வழிக்கிறவர் கை காட்டினார், அது கணக்கில் வருமா என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடிய அழுதாள். அன்று எங்களோடு வேலை செய்யும் தாதியைக் கூப்பிட்டோம். பேறுக்குப் பின்னான மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் இருக்கின்றன, 1987இல் வந்தது, இன்னும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதைத் தாதிதான் செய்வார். சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கொண்டுபோய் விடுவது என் பங்கு.

ஆனால் நான் போவதே கிழமைக்கு ஒரு மணித்தியாலம். மீதி நேரத்துக்கு யார்? யாழ்ப்பாணத்தில் எங்கள் பனையோலை வேலியில் ஒரு பொட்டு, அதாவது நுழைந்து போக ஒரு ஓட்டை, இருந்தது. அதற்குள்ளால் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு அம்மா சமைப்பார், அங்கேயிருந்து கருவேப்பிலையும் கதையும் இங்கே வரும். இங்கே ஒரே தெருவில், காரில் எட்டு நிமிடத் தூரத்தில், ஒரே வயதுப் பிள்ளைகளோடு இரண்டு தாய்மார் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மற்றவள் இருப்பது தெரியும். "அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று இரண்டு பேருமே என்னிடம் சொன்னார்கள்.

பெயரையும் நம்பரையும் நானாகக் கொடுக்க முடியாது, இருவரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கினேன். அதற்குப் பிறகும் ஒருவரும் போன் எடுக்கவில்லை. கூச்சம். அப்புறம் ஒரு கிழமை பனிப்புயலில் என் சுற்று குழம்பிப்போனது. விளையாட்டுச் சாமான் பையை முதலாவது வீட்டில் வைத்துவிட்டு, "அடுத்த கிழமை இந்தப் பக்கம் வர வழியில்லை, பாதை திறந்ததும் இதை அந்த வீட்டில் கொடுத்துவிடுவீர்களா? பெரிய உதவியாக இருக்கும்" என்றேன். உதவி கேட்டால் இந்த ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள், உதவி வாங்கத்தான் கூச்சப்படுவார்கள். பை போனது. திரும்பி வந்தபோது அதற்குள் ஒரு போத்தல் ஊறுகாய்த் தக்காளி இருந்ததாம். இப்போது அந்தப் பை ஐந்தாறு வீடுகளைச் சுற்றி வருகிறது, எந்த வீட்டில் நிற்கிறது என்று எனக்கே தெரியாது.

இங்குள்ள அனிஷினாபே என்ற பழங்குடிக் குடும்பங்களிடம் குளிர்காலம் பற்றி வேறு பேச்சு கேட்டேன். அவர்களுடைய சில கதைகளைத் தரையில் பனி இருக்கும்போது மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். ஒரு பாட்டி, இது கூடியிருக்கும் காலம், நீங்கள் ஏன் எல்லோரும் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கிறீர்கள் என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் சூப் வைக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே நிகழ்ச்சி நிரல் ஒன்றும் கிடையாது. ஒருவர் சூப், ஒருவர் பாண், பிள்ளைகள் ஓட ஒரு பெரிய தளம். மனைவி இரவு வேலை செய்வதால் பகலில் பிள்ளை பார்க்கும் ஒரு தகப்பனும் வருகிறார், முதலில் கதவோரமே நின்றவர், இப்போது மேசை அடுக்குவதே அவர்தான். பள்ளி பஸ் ஓடாத நாட்களில் யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்களே மெசேஜ் போட்டுக்கொள்கிறார்கள், பஸ் இல்லை என்பதே எனக்கு அவர்கள் சொல்லித்தான் தெரிகிறது.

அடுத்த வருட நிதி பற்றிய கூட்டம் மார்ச்சில். பெற்றோருக்கான பயிற்சிப் பட்டறைக்கு இம்முறையும் பெரிய தொகை ஒதுக்கப் பார்க்கிறார்கள். நான் கேட்கப் போவது பெட்ரோல் கூப்பனும் மண்டபத்தைச் சூடாக்கும் காசும்தான்.