சுடாத கதிர்

ஈரோட்டில் எக்ஸ்ரே டெக்னீசியனாக 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அண்மையில் மஞ்சள் மண்டியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கிப்போய் ஓர் ஆத்தா வந்திருந்தார். விரல் ரேகையெல்லாம் மஞ்சள் ஏறியிருந்த அந்தக் கையைப் படம் பதியும் கேசட்டின்மேல் விரித்து வைத்தபோது, "ஏங் கண்ணு, இது சுடுமா?" என்று கேட்டார். "ஒண்ணுமே தெரியாதுங்காத்தா" என்றேன். அது உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலின் முன்னோடிகளைக் காவு வாங்கியதும் அந்த ஒன்றும் தெரியாத தன்மைதான்.

1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை ஏறத்தாழ 15 நிமிடம் கதிரில் வைத்துப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே குழாய்களைச் சோதிக்கும் வேலையில் கிளாரன்ஸ் டாலி இறங்கினார். குழாய் சரியாக எரிகிறதா என்று அறிய அவர் தம் கையையே கதிரின் குறுக்கே நீட்டிப் பார்ப்பார். ஒரு கை புண்ணானதும் மறு கையை நீட்டினார். புண் புற்றாகி, இரு கைகளையும் வெட்டியெடுத்த பிறகும் நோய் நிற்காமல், 1904-இல் தம் 39-ஆம் வயதில் இறந்தார். அவர் பட்ட பாட்டைக் கண்ட எடிசன் அதற்கு முன்பே எக்ஸ்ரே ஆய்வைக் கைவிட்டிருந்தார். இவரைப் போன்றோருக்காக 1936-இல் ஹாம்பர்க் நகரில் எழுப்பிய நினைவுத்தூணில் முதலில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

டாலியை விவரமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்த நானே, முதலில் இருந்த மருத்துவமனையில், திமிறும் குழந்தைகளைக் கதிரைத் தடுக்கும் காரீய ஏப்ரன்கூடப் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஒரு படத்துக்கு என்னாயிரப் போகுது" என்பார் என் சீனியர். கதிரளவு காட்டும் டி.எல்.டி. பேட்ஜ் இருவருக்குமே மேசை டிராயரில் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த அறிக்கையில் அளவு மிகக் குறைவு என்றே இருந்தது. அது டிராயருக்குள் விழுந்த கதிரின் அளவு என்பது எனக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது.

ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி மகள் பக்கத்திலேயே நின்றார். அவரைச் சுவருக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டைக்குக் கீழே பேட்ஜ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். எலும்பு முறியவில்லை. வீக்கத்தால் கழற்ற முடியாத மோதிரம் மட்டும், ராண்ட்ஜன் எடுத்த அந்தக் கைப் படத்தில் போலவே, விரலெலும்பைச் சுற்றித் தனியாகத் தெரிந்தது.